தடித்த கோட்டில் என்ன கலை?

கே: அமெரிக்காவின் எமரி டக்ளஸைப் பெரிய ஓவியர் என்கிறார்களே? கறுப்பர் உரிமைக்குப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்குப் போஸ்டர் போட்டவர்தானே! கோபத்தைக் காட்ட நாலு தடித்த கோடு போதும். அதில் கலை எங்கே வந்தது?

ப: அந்தத் தடித்த கோட்டில்தான் வந்தது. அந்தக் கட்சி 1967-இல் தொடங்கிய பத்திரிகைக்கு மல்டிகலர் அச்செல்லாம் கட்டுப்படியாகாது. கறுப்பு, கூட ஒரு வண்ணம்; பெரும்பாலும் அதோடு சரி. நியூஸ்பிரிண்ட் என்பது மையை உறிஞ்சும் தாள். நெருக்கமாக மெல்லிய கோடுகள் போட்டால் ஒன்றோடொன்று ஈஷிக்கொள்ளும். மெஷின் ஓடும் வேகத்தில் இரண்டாவது வண்ணம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும். கோடு கனமாக இருந்தால், வண்ணத்தை அதன் அடியில் கொஞ்சம் உள்ளே தள்ளி விட்டுவிடலாம். விலகினாலும் கறுப்பு மூடிக்கொள்ளும். சாம்பல் நிழல் வேண்டிய இடத்தில், புள்ளிகள் அச்சிட்டுக் கடையில் விற்கும் ஒட்டுத்தாளைக் கத்தரித்து ஒட்டினார். பார்க்க மரச்செதுக்குப் படம் போலிருக்கும், செலவோ சொற்பம்.

இதெல்லாம் யதேச்சையாக வந்ததல்ல. சிறார் சீர்திருத்தப் பள்ளி அச்சகத்தில் வேலை பழகி, பிறகு சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் விளம்பர ஓவியம் படித்த கை அது. கட்சியில் அவருக்குக் கலாசார அமைச்சர் என்று பதவி. (நம்மூரில் அந்தப் பதவிக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை.)

'கோபம்' என்கிறீர்கள். போலீஸைப் பன்றியாக வரைந்ததோடு நின்றிருந்தால் நீங்கள் சொல்வது சரி. 1969 ஜனவரியில் ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவைக் கட்சி தொடங்கியது. 1972 மார்ச்சில் மளிகைப் பைகளை ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. அவர் படங்களிலும் துப்பாக்கி மெல்லக் குறைந்து, உணவுப் பையோடு பெண்கள், எலி ஓடும் வாடகை வீடு, இலவச மருத்துவம் எல்லாம் வந்தன. பத்திரிகை விலை 25 சென்ட். கடைசிப் பக்கம் முழுக்கப் படம். கழற்றிச் சுவரில் ஒட்டிவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இன்று அதே கோட்டை நகலெடுத்துப் பனியனில் அடிக்கிறார்கள். சோற்றுக்கோ மருந்துக்கோ எங்கே போக வேண்டும் என்று அந்தப் பனியனில் ஒரு வரி கிடையாது. உங்கள் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்.