கோப்பை இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: கனடா ஃபுட்பால் லீக் என்பதே அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் தேறாதவர்கள் ஒதுங்குகிற இடம். அதிலும் ஒரு கிரே கோப்பைகூட (லீக்கின் சாம்பியன் கோப்பை) வாங்காத மில்ட் ஸ்டீகாலை மாபெரும் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) என்று சென்ற இதழில் எழுதிவிட்டீர்களே, நியாயமா? – ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: நியாயம்தான். என்.எஃப்.எல். அணியான சின்சினாட்டி பெங்கால்ஸில் மூன்று சீசன் இருந்தும் ஸ்டீகால் எடுபடவில்லை, சரி. 1995இல் கனடாவின் வின்னிபெக் புளூ பாம்பர்ஸ் அணிக்கு வந்தவர் 2008 வரை வேறு அணிச் சட்டையே போடவில்லை. அவர் ஆடிய காலத்துக் கனடா மைதானம் 110 யார்டு நீளம், பத்து யார்டு முன்னேற மூன்றே வாய்ப்பு, பந்து கிளம்பும் முன்பே ரிசீவர்கள் ஆட்டம் தொடங்கும் கோட்டின் பக்கம் ஓடிவரலாம். அந்த ஓட்டத்தைச் சரியான நொடியில் முடிக்கத் தெரியாதவர் அங்கே இருந்தும் பயனில்லை. அமெரிக்காவில் தேறாதது இங்கே ஏன் தேறியது என்பதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

2006 ஜூலை, எட்மன்டன். வின்னிபெக் 19, எட்மன்டன் 22, மிச்சம் நான்கு நொடி சொச்சம், பந்தோ தன் பக்கத்துப் பத்து யார்டில். வின்னிபெக்கின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கெவின் கிளென் ஓங்கி எறிந்தார், ஸ்டீகால் பிடித்தார், அப்புறம் ஓடினார் ஓடினார், எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தில் நேரமே இல்லை. நூறு யார்டு டச்டவுன், 25-22. ஒதுங்க வந்தவர் செய்கிற வேலையா இது?

இனி கோப்பைக்கு வருவோம். 2001 இறுதி ஆட்டத்தில் வின்னிபெக்காரர்கள் கால்கரியிடம் தோற்றார்கள். 2007இல் இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதே கிளெனுக்குக் கை முறிந்தது. மாற்று குவார்ட்டர்பேக் ரயன் டின்விடி தன் லீக் வாழ்க்கையின் முதல் ஆட்டமாகத் தொடங்கியதே அந்தக் கிரே கோப்பை இறுதியைத்தான். பாவம், அவர் எறிந்ததில் மூன்றை எதிரணி சஸ்காச்சுவானின் ஜேம்ஸ் ஜான்சன் ஒருவரே பறித்தார், 23-19இல் போயிற்று. இலை போட்டு உட்கார்ந்தால் போதுமா, பரிமாற ஆள் வேண்டாமா? ஸ்டீகால் ஆடிய காலம் முழுவதும் வின்னிபெக்கின் வறட்சிக்குள்ளேயே விழுந்தது. 1990க்குப் பிறகு அந்த ஊருக்குக் கோப்பை வந்தது 2019இல்.

உங்கள் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. அவருக்கு முன் டச்டவுன் சாதனையை 137இல் வைத்திருந்த ஜார்ஜ் ரீட், மைக் பிரிங்கிள் இருவருமே ரன்னிங் பேக்குகள் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்கள்). அவர்களுக்குப் பெரும்பாலும் பந்து நேராகக் கைக்கே வரும். ஸ்டீகாலோ, இரண்டு பேர் மேலே விழ, தலைக்கு மேல் வருவதைப் பிடித்தாக வேண்டும். அப்படியும் 147க்குப் போனார், அதில் 23 டச்டவுன் 2002 என்ற ஒரே சீசனில். பந்து பிடித்துக் கடந்த தூரத்தில் அவர் வைத்த சாதனையை 2012இல் ஜெராய் சைமன் தாண்டிவிட்டார், அதை மறைக்கவில்லை. 147ஐ இன்னும் யாரும் தொடவில்லை. யாராவது தொடட்டும், அன்றைக்கு உங்கள் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.