தரகர் காட்டும் 35 விழுக்காட்டு உயர்வை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஏறத்தாழ 8,000 பேர் வசிக்கும் ஊர்ப்புறக் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) ஒன்றில் மளிகைக் கடை வாங்க எண்ணியிருக்கிறேன். 2013க்கும் 2023க்கும் இடையே அங்கு இடைநிலைக் குடும்ப வருமானம் 35 விழுக்காடு உயர்ந்திருப்பதாகத் தரகர் ஓர் அறிக்கையைக் காட்டி, கடையின் விலையையும் கூட்டிச் சொல்கிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அந்த 35 விழுக்காட்டில் பெரும்பகுதி விலைவாசி. 2013க்கும் 2023க்கும் இடையே அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு ஏறத்தாழ 31 விழுக்காடு ஏறியது. 1.35ஐ 1.31ஆல் வகுத்துப் பாருங்கள். உண்மையான உயர்வு 3 விழுக்காடு அளவில்தான் மிஞ்சும். பழைய டாலரையும் புதிய டாலரையும் அப்படியே அருகருகே வைத்துக் காட்டுவது தரகர்களிடம் நான் மீண்டும் மீண்டும் காணும் ஏமாற்று.

அந்த 3 விழுக்காடும் உறுதியானதன்று. வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானமே இடைநிலை. அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகம் தன் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற மாதிரிக் கணக்கெடுப்புக்காக ஆண்டுக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதில் உங்கள் கவுண்டிக்கு வரும் பங்கு மிகச் சிறியது. ஆகவே 65,000க்குக் குறைவான மக்கள் வசிக்கும் கவுண்டிகளுக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தே வெளியிடுகிறார்கள். தரகரின் '2023' என்பது பெரும்பாலும் 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுக் கணக்காகவே இருக்கும். அதனுடன் ஒப்பிடத்தக்கது 2009 முதல் 2013 வரையிலான கணக்கு. 2018–2022ஐயும் 2019–2023ஐயும் ஒப்பிட்டு 'ஓராண்டு வளர்ச்சி' என்று காட்டினால் ஏற்காதீர்கள். இரண்டிலும் நான்கு ஆண்டுகள் பொதுவானவை.

பணியகத்தின் இணையதளத்தில், எல்லா வீடுகளின் இடைநிலை வருமானத்தைத் தரும் பி19013 என்ற அட்டவணையில், ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அருகே பிழை வரம்பு, அதாவது உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு, இருக்கும். கணக்கை விளக்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: இரு காலத் தொகைகளையும் அவற்றின் பிழை வரம்புகளையும் 2023ஆம் ஆண்டு டாலருக்கு மாற்றியபின், வருமான வேறுபாடு 4,500 டாலர், பிழை வரம்புகள் 3,000, 4,000 டாலர் என்று கொள்வோம். வரம்புகள் இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 5,000 வரும். வேறுபாடு அதைவிடக் குறைவாக இருப்பதால், வருமானம் உயர்ந்தது என்று சொல்ல இடமில்லை. இந்தப் பிழை வரம்பைப் பணியகம் ஒளிப்பதில்லை. ஆனால், அட்டவணை எண் தெரிந்தவர்க்கே எளிதில் கிடைக்கும்படி தளத்தை அமைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் எண்களை எடுத்து, பிழை வரம்பை நீக்கி, வண்ண வரைபடம் சேர்த்து விற்கும் இடைத்தரகர்கள் செழிப்பது இதனால்தான். பொதுமக்கள் பணத்தில் திரட்டிய தரவைப் பொதுமக்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பது சகிக்கத்தக்கதன்று.

ஆண்டுவாரிப் போக்கு வேண்டுமானால், அதே பணியகத்தின் எஸ்.ஏ.ஐ.பி.இ. என்ற சிறு பகுதி மதிப்பீட்டைப் பாருங்கள். வருமான வரிப் பதிவுகளையும் சேர்த்து, ஒரு புள்ளியியல் கணக்கீட்டு மாதிரியின் வழியே எல்லாக் கவுண்டிகளுக்கும் ஆண்டுதோறும் எண் தருகிறார்கள். விலைவாசித் திருத்தத்தை நீங்களே செய்துகொள்ள வேண்டும். இரண்டு தொடர்களையும் கலக்காதீர்கள். தொடக்கத்தை ஒன்றிலிருந்தும் முடிவை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் எந்த வளர்ச்சியையும் உண்டாக்கிவிடலாம். பி19113 அட்டவணையிலும் கவனம் வேண்டும். அது உறவினர் சேர்ந்து வாழும் வீடுகளை மட்டும் கணக்கில் கொள்கிறது. தனியே வாழும் முதியோர் அதில் இல்லை. ஆகவே எண் பெரும்பாலும் பெரிதாகவே தெரியும், விற்பவர்க்கு அதுவே பிடிக்கும்.

கன்சாஸுக்குப் பொருந்தாவிட்டாலும், வேறு மாநிலத்தில் கடை தேட நேர்ந்தால் உதவும் என்பதற்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவுண்டிகளின் பெயரும் எல்லையும் மாறுவதுண்டு. தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015இல் ஓக்லாலா லக்கோட்டா எனப் பெயர் மாறியபோது தரவுக் கோப்புகளில் அதைக் குறிக்கும் குறியீட்டெண்ணும் 46113இலிருந்து 46102 ஆனது. எண்ணை வைத்துக் கோப்புகளை இணைப்பவர்க்கு அந்தக் கவுண்டி பாதியில் மறைந்து, புதியது ஒன்று முளைத்ததுபோல் தெரியும். அலாஸ்காவின் வால்டெஸ்-கோர்டோவா 2019இல் இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பெயரைத் திருத்தினால் போதாது, பழைய இடைநிலையை இரு பகுதிகளுக்கும் அப்படியே பங்கிடவும் முடியாது. கனெக்டிகட்டில் 2022 முதல் பணியகம் எட்டு கவுண்டிகளுக்கு மாற்றாக ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களைக் கையாள்கிறது. அங்கே பத்தாண்டு ஒப்பீடு என்று யார் நீட்டினாலும், எந்த எல்லைக்கு என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் தரகரிடம் அட்டவணை எண், இரு காலங்கள், எந்த ஆண்டு டாலர், பிழை வரம்பு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இவற்றில் ஒன்றைத் தர மறுத்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.