நான் ஊரில் இல்லாதபோது என் காரைத் திறந்தது யார்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சிங்கப்பூர் போயிருந்தோம். விமான நிலையத்தில் வேலட் பார்க்கிங் பையனிடம் காரையும் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனோம். பதினெட்டு நாள் கழித்து வந்து பார்த்தால், டேஷ்போர்டுக்குள் வைத்திருந்த மனைவியின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் கவரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுக் கலைந்து கிடந்தன. டிக்கியில் போட்டிருந்த விரிப்பு புரண்டிருந்தது. கேட்டால், "செக்யூரிட்டி செக் பண்ணாங்க சார், ரூல்ஸ்" என்று முடித்துக்கொண்டார்கள். நாங்கள் இல்லாதபோது எங்கள் வண்டியைத் திறந்து பார்க்க இவர்களுக்கு உரிமை உண்டா? யாரிடம் கேட்பது?
– செங்கல்பட்டு வாசகர்

பதில்: ஐயா, அந்தப் பையனிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த செக்யூரிட்டி?

விமான நிலையத்தில் யூனிஃபார்ம் போட்ட எல்லாரும் நமக்கு செக்யூரிட்டிதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. முனையத்தைக் காப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதாவது சி.ஐ.எஸ்.எஃப். கந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000 முதல் ஒவ்வொரு விமான நிலையமாக அவர்கள் பொறுப்பில் வந்தது. இன்னொரு பக்கம் மாநில போலீஸ். இன்னொரு பக்கம் சுங்கத்துறை. இவர்கள் போக, பார்க்கிங் ஒப்பந்தக்காரர் மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் தனியார் காவலர்கள். கடைசியில் சொன்ன இவர்களுக்கு உங்கள் காரைத் திறந்து சோதிக்க எந்தச் சட்டத்திலும் அதிகாரம் கிடையாது. வாசலில் கண்ணாடியை வைத்து வண்டியின் அடியில் பார்ப்பதும், "டிக்கியைத் திறங்க சார்" என்பதும் வேறு விஷயம். அங்கே நீங்கள் கூடவே இருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகலாம். நிறுத்திப் பூட்டிவிட்டுப் போன வண்டிக்கு அது பொருந்தாது.

அதிகாரம் உள்ளவர்களுக்கும் வரம்பு உண்டு. 1968-ஆம் வருட சி.ஐ.எஸ்.எஃப். சட்டத்தின் 12-வது பிரிவு, குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்து, வாரண்ட் வாங்கி வருவதற்குள் ஆள் தப்பிவிடுவான் அல்லது தடயத்தை மறைத்துவிடுவான் என்ற நிலையில்தான் அந்த ஆளையும் அவன் உடைமையையும் சோதிக்கச் சொல்கிறது. பிரசவம் பார்க்கப் போன உங்களிடம் அப்படி என்ன குற்றம்? போலீஸ் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் 105-வது பிரிவுப்படி சோதனையை வீடியோ எடுத்தாக வேண்டும். 103-வது பிரிவுப்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேரைச் சாட்சியாக வைக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். 'இடம்' என்று இந்தச் சட்டம் சொல்லும்போது அதில் வண்டியும் அடக்கம். சுங்கம், போதைப்பொருள் சம்பந்தப்பட்ட சந்தேகங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் அவை வராது, விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அது வெடிகுண்டுச் சந்தேகம். 2024 அக்டோபரில் விமானங்களுக்கு நூற்றுக்கணக்கில் பொய் மிரட்டல்கள் வந்தது நினைவிருக்கும். மிரட்டல் பொய்யோ நிஜமோ, ஒவ்வொன்றுக்கும் சோதனை செய்தே ஆக வேண்டும். நிறுத்தத்தில் ஒரு கார் மீது சந்தேகம் வந்தால் மோப்ப நாயைச் சுற்றிவரச் செய்வார்கள். நம்பரை மைக்கில் கூப்பிடுவார்கள், பதிவு எண்ணை வைத்து உங்கள் போனுக்கு முயற்சி செய்வார்கள். நீங்கள் நடுவானில் இருப்பீர்கள், போன் அணைந்திருக்கும். அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள், கண்ணாடியை உடைத்தாவது உள்ளே பார்ப்பார்கள். அங்கே போய் தனியுரிமை என்று வாதாட முடியாது, வாதாடவும் கூடாது. பக்கத்தில் நிற்பவர்களின் உயிர் அது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய போன் நம்பரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி முன் கண்ணாடிக்குள் தெரியும்படி வைத்துவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம், நம்பர் போதும். அந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும், ராத்திரியிலும் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். அப்புறம், இப்படி ஒரு சோதனை நடந்திருந்தால் அது ரகசியமாக நடக்காது. சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்களை விலக்கி, நிலையத்தில் தகவல் பதிவாகி, நாலு பேர் கேமராவில் விழுந்து நடக்கும். டேஷ்போர்டில் கவரைப் பிரித்து ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டுப் போவது வெடிகுண்டுச் சோதனை இல்லை.

அப்படியென்றால் திறந்தது யார்? இருபது வருடமாக நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலும் திறந்தது நீங்கள் சாவி கொடுத்த கைதான். 'செக்யூரிட்டி' என்ற சொல் உங்கள் வாயை அடைப்பதற்காகச் சொல்லப்படுவது. என்னிடம் வந்த ஒருவர் துபாயில் இருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. அவருடைய ஃபாஸ்டேக்கில் டோல் பணம் பிடித்திருந்தார்கள். வண்டி பார்க்கிங்கில் நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, அது நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து கேட்டபோது அவருக்கும் இதே பதில்தான்: "செக்யூரிட்டி வேற யார்டுக்கு எடுத்துட்டுப் போய் செக் பண்ணாங்க." சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். காலடி விரிப்பில் முறுக்குத் துணுக்குகள். வக்கீல் நோட்டீஸில் அந்த டோல் மெசேஜின் நேரத்தை எழுதியதும் செக்யூரிட்டி பேச்சு நின்றுவிட்டது. நஷ்டஈடு கொடுத்தார்கள். அதனால் உங்கள் ஃபாஸ்டேக் கணக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கிலோமீட்டர் ரீடிங்கை விடும்போது போட்டோ எடுத்தீர்களா? இல்லையென்றால், கடைசியாக சர்வீஸ் விட்ட பில்லில் ரீடிங் இருக்கும், ஓரளவு கணக்குப் போட உதவும்.

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சாவி கொடுத்த பையன் உண்மையிலேயே விமான நிலையத்தின் வேலட் ஆள்தானா? அதை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. முனையத்து வாசலில் கார் நின்றதும் ஓடிவந்து, "பார்க்கிங் ஃபுல் சார், நாங்க பாத்துக்கறோம், பாதி ரேட்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கழுத்தில் ஏதோ ஒரு அட்டை தொங்கும். கையில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்த சீட்டுப் புத்தகம். உங்கள் வண்டி போய் நிற்பது விமான நிலையத்துக்குள் இல்லை, எங்கோ பக்கத்துத் தெருவில் ஒரு காலி மனையில். கேமரா கிடையாது, கம்பெனி கிடையாது, சீட்டில் இருக்கும் நம்பர் அடுத்த மாதம் வேறு ஒருவருடையது. இப்படிப் பட்டவர்களிடம் கார் கொடுத்தவர்கள் என் அலுவலகத்துக்கு வரும்போது நான் வழக்குப் போட எதிராளியையே தேட வேண்டியிருக்கிறது. ஆகவே சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் நிறுவனத்தின் முழுப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. சாவி கொடுக்கும் நேரத்தில் விமானம் பிடிக்கிற அவசரம் எல்லாருக்கும் உண்டு. அந்த ஆட்களும் அதை நம்பித்தான் வாசலில் நிற்கிறார்கள்.

சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று போட்டிருக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். 1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை வேலட்டில் விட்டார், கார் திருடு போனது. ஹோட்டலும் இதே வரியைத்தான் காட்டியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியோடு வண்டியை வாங்கிக்கொண்டால் அது ஒப்படைப்பு. வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டியது அவர்கள் கடமை, சொந்த அலட்சியத்துக்கு அந்தப் பொடி எழுத்தில் ஒளிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பு. அதாவது, நாங்கள் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டோம் என்று காட்ட வேண்டியது அவர்கள். உங்கள் வழக்கு திருட்டு இல்லை என்றாலும் அடிப்படை இதேதான்.

இன்னொரு வகை ஆட்களைப் பற்றியும் எச்சரிக்கிறேன். "தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஹைகோர்ட்ல ரிட் போட்டா லட்சக்கணக்குல வாங்கலாம்" என்று யாராவது உங்களிடம் வருவார்கள். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அந்த உரிமையை நீங்கள் முதலில் நீட்ட வேண்டியது அரசை நோக்கி. பார்க்கிங் ஒப்பந்தக்காரருக்கு நுகர்வோர் ஆணையம் போதும். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, செங்கல்பட்டிலேயே, மனுப் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமலும் போடலாம். இதை நான் வக்கீலாக இருந்தே சொல்கிறேன்.

2013-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் விமான நிலையத்தில் வேலட்டில் விட்ட ஒரு பெண்ணின் காரைச் சோதனை செய்தார்கள். அவர் திரும்பி வந்தபோது, வண்டி சோதிக்கப்பட்டது என்று ஒரு சீட்டு உள்ளே இருந்தது. அந்தச் சீட்டு இருந்ததால்தான் அவரால் கேள்வி கேட்க முடிந்தது, நாடு முழுவதும் பேச்சானது. நம் ஊரில் நான் பார்த்த ஒரு வழக்கிலும் அப்படி ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எதற்காக என்று மூன்று வரி எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஷூவைக் கழற்றச் சொல்ல, பெல்ட்டைக் கழற்றச் சொல்ல நமக்குச் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. சாவி கொடுத்தவனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், சி.ஐ.எஸ்.எஃப். அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மனித உரிமை மீறல், ஊழல் குற்றச்சாட்டு என்றால் மட்டும்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டது. நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையமாக இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், பத்து ரூபாய்தான். குறிப்பிட்ட தேதிகளில் அந்த நிறுத்தத்தில் பாதுகாப்புச் சோதனை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நாலு பக்கம் எழுதினால் நாலு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது கேமரா பதிவைக் காப்பாற்றுவது. சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். நீங்கள் வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி, சீட்டு எண், வண்டி எண் போட்டு, "இந்த நாட்களின் பதிவை அழிக்காமல் வைக்கவும், என் காரைச் சோதித்தவர் யார், எந்த உத்தரவின் பேரில் என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று பார்க்கிங் நிறுவனத்துக்கும் விமான நிலைய இயக்குநருக்கும் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் ஆணையத்தில் காட்டலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கவரை இனி ஒதுக்கி வையுங்கள், அதே நிலையில் இரண்டு போட்டோ எடுங்கள். உங்கள் மனைவியிடம் தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது குறைந்தால் கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதி, இன்றைக்கே தபாலில் போடுங்கள்.