விளையாட்டு இலவசம், வைரத்துக்குத்தான் காசு

கேள்வி: என் பத்து வயது மகன் என் ஃபேஸ்புக் கணக்கில் ஒரு பண்ணை விளையாட்டு ஆடுவான். இலவசம்தானே என்று விட்டுவிட்டேன். போன வாரம் அதில் ‘வைரம்’ வாங்கி 4,600 ரூபாய் போயிருக்கிறது. என் போனுக்கு வந்த ஓடிபியையும் அவனே பார்த்துப் போட்டிருக்கிறான். பணம் திரும்பக் கிடைக்குமா?
- நாமக்கல் வாசகி

பதில்: கிடைக்கலாம், உறுதியில்லை. முதலில் ரசீது மெயிலைப் பாருங்கள். பணத்தை வாங்கியது பிளே ஸ்டோரா, ஃபேஸ்புக்கா என்று அதில் இருக்கும். பிளே ஸ்டோர் என்றால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்ட் கேட்டிருக்கலாம். உங்களுக்கு அது தாண்டிவிட்டதால், விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். குழந்தை தெரியாமல் வாங்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வைரத்தில் மிச்சம் இருந்தால் இனி அதைத் தொட வேண்டாம் என்று பையனிடமும் சொல்லிவையுங்கள். வங்கியிடம் போய் ‘யாரோ திருடிவிட்டார்கள்’ என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள். ஓடிபி உங்கள் வீட்டிலேயே போடப்பட்டது. அந்தப் புகார் நிற்காது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் (வெள்ளையர் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் கணக்கும் கார்டும் உங்களுடையவை. ஃபேஸ்புக்கில் சேரவே 13 வயது ஆக வேண்டும். நிறுவனம் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பதிலே வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

உங்கள் பையனைத் திட்டுவதற்கு முன் ஒன்று. இதே பிரச்சினைக்காக அமெரிக்காவில் பெற்றோர் ஃபேஸ்புக் மீது 2012-ல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் ஆவணங்கள் 2019-ல் வெளியே வந்தபோது, பிள்ளைகள் இப்படிச் செலவழிப்பதற்கு நிறுவனத்துக்குள் ‘நட்பு மோசடி’ என்று பெயரே வைத்திருந்தது தெரிந்தது. சுமார் 6,500 டாலர் செலவழித்த 15 வயதுப் பிள்ளையை, பெருந்தொகை விடுபவர்களைச் சூதாட்ட விடுதிக்காரர்கள் அழைப்பது மாதிரி ‘திமிங்கிலம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பின்னிய வலை இது. பத்து வயசுக்கு என்ன தெரியும்?

அப்புறம், வாங்கிய வைரமும் நமக்குச் சொந்தமில்லை. 2009-ல் வந்து உலகத்தையே நாற்று நட வைத்த ஃபார்ம்வில் விளையாட்டை 2020 டிசம்பர் 31-ல் இழுத்து மூடினார்கள். காசு கொடுத்து வாங்கிய மாடு, தோட்டம் எல்லாம் அதோடு போயின. இன்றைக்கே பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ‘முற்பிறவியில் நீங்கள் யார்?’ மாதிரி ஆப்களில் காசே கேட்பதில்லையே, அதில் என்ன ஆபத்து?
- மதுரை வாசகர்

பதில்: காசுக்குப் பதில் உங்கள் விவரங்களைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஃபேஸ்புக்காரர்களின் தகவல்கள் ஓர் அரசியல் பிரசார நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்துக்குக் காரணமானதும் இப்படி ஒரு வினாடி வினா ஆப்தான். இந்தியாவில் அதை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 5,62,455 பேரின் தகவல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நண்பர்களின் தகவலை அப்படி அள்ளும் வழியை 2015-ல் அடைத்துவிட்டார்கள். உங்களுடையதை மட்டும் நீங்கள் ‘சம்மதம்’ தட்டினால் இன்றும் எடுக்கலாம்.

ஃபேஸ்புக் அமைப்புகளில் ‘ஆப்களும் இணையதளங்களும்’ பகுதிக்குப் போய், வேண்டாததை நீக்குங்கள். நீக்கினால் இனிமேல் எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்ததை அழிக்கச் சொல்லி அந்த ஆப்காரருக்குத்தான் தனியாக எழுத வேண்டும்.