ஜாயிண்ட் ஏன் ஒரு பக்கமாகவே ஓடுகிறது?

கேள்வி: எட்டு மாதமாக ஜாயிண்ட்டை (பேப்பரில் சுற்றிய கஞ்சாவை) நானே சுற்றிக்கொள்கிறேன். (நான் இருக்கும் இடத்தில் கஞ்சாவுக்குச் சட்டத் தடை இல்லை, எனக்கு வயது 34.) முதல் நாலைந்து இழுப்பு நன்றாகத்தான் போகிறது. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் கிடுகிடுவென்று ஃபில்டரை நோக்கி ஓடுகிறது. மறுபக்கம் பச்சையாகவே நிற்கிறது. பெரும்பாலும் ஒட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும். பேப்பரை மாற்றினேன், லைட்டரை மாற்றினேன், பலனில்லை. இன்னொன்று: சாம்பல் வெள்ளையாக வந்தால் நல்ல சரக்கு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. முதல் நாலைந்து இழுப்பு ஒழுங்காக எரிகிறது என்றால் பற்றவைப்பதில் பெரிய கோளாறு இல்லை. ஒட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றால் பேப்பருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் முக்கியமான கோளாறு நடுப்பகுதியில், சுற்றும்போது உங்கள் இரண்டு கட்டைவிரல்களும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜாயிண்ட் கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனன்று எரிகிறது. ஊதுபத்தியும் அப்படித்தான் எரிகிறது. அது கோணலாக எரிந்து பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம், மாவு எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தியில் அப்பியிருக்கிறது, அதை யாரும் இழுப்பதும் இல்லை. ஜாயிண்ட்டை நாம் இழுக்கிறோம். இழுக்கும்போது காற்று கங்கின் ஓரமாக உள்ளே பாய்கிறது. சிகரெட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்: இழுக்கிற அந்த ஒன்றிரண்டு நொடியில் கங்கின் சூடு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது, விட்டதும் தணிகிறது. காற்று எந்தப் பக்கம் சுலபமாக நுழைகிறதோ அந்தப் பக்கம் கங்கு முன்னால் போகும். போன இடத்தில் பேப்பர் கருகி விலகும். விலகிய இடத்தில் காற்று இன்னும் சுலபமாக நுழையும். அதனால்தான் ஓட ஆரம்பித்த பக்கம் தானாக நிற்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் நாலு இழுப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது ஒரு பக்கம் குடைந்தெடுத்த மரத்தோணி மாதிரி இருக்கும். இதற்கு 'கேனோயிங்' என்று பெயர் வந்ததே அந்தத் தோணி வடிவத்தால்தான்.

ஆக, எந்தப் பக்கம் ஓடப்போகிறது என்பது சுற்றும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை ஓட ஆரம்பித்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அணைத்துவிடுங்கள். ஆறியதும் ஒரு பிளேடால், எரிந்த விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒரே மாதிரி நிரம்பியிருக்காது. பேப்பருக்கும் தூளுக்கும் நடுவே பிறை வடிவத்தில் ஒரு சந்து தெரியும், அல்லது ஒரு காம்புத் துண்டு குறுக்கே கிடந்து தன் பக்கத்தில் ஒரு பொந்தை உண்டாக்கியிருக்கும். அந்தச் சந்துதான் காற்றுக்கு நீங்கள் போட்டுக்கொடுத்த பாதை.

சந்து எப்படி வருகிறது? முதல் காரணம், தூளின் பருமன். கையால் கிள்ளிப் போட்டால் ஒரு கட்டி, ஒரு பொடி, ஒரு காம்பு என்று கலந்து விழும். கட்டி மெதுவாகவும் பொடி வேகமாகவும் எரியும். கிரைண்டரில் அரைப்பது நல்லது, ஆனால் வெறியோடு சுற்ற வேண்டாம். பருமணல் அளவு போதும். மாவாகிவிட்டால் காற்று போகாமல் அடைத்துக்கொள்ளும், நீங்கள் பலமாக இழுப்பீர்கள், பலமாக இழுத்தால் இருக்கிற ஒரே சந்து வழியாக நெருப்பு பாயும். அரைத்ததை ஒரு காகிதத்தில் பரப்பி, காம்பையும் விதையையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, உருட்டுவது. அவசரப்படுகிறவர்கள் தூளைப் போட்டதும் பேப்பரை மடித்து ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுவதற்கு முன், பேப்பரை வெறுமனே இரண்டு கை விரல்களுக்கும் நடுவில் வைத்து மேலும் கீழுமாக உருட்ட வேண்டும். தூள் தானாகத் திரண்டு ஒரு தண்டு போல ஆகும்வரை, பத்துப் பதினைந்து தடவை. இங்கேதான் உங்கள் கட்டைவிரல்கள் மேல் எனக்குச் சந்தேகம். பலருக்கு நடுவில் அழுத்தம் அதிகமாகி, தூள் இரண்டு முனைக்கும் ஒதுங்கிவிடும். சிலருக்கு நேர்மாறாக நடு வயிறு தளர்ந்து கிடக்கும். விரல்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே உருட்டுங்கள். ஒட்டியபின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு விரலால் லேசாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். எங்கே விரல் சட்டென்று உள்ளே போகிறதோ, எங்கே கட்டியாகத் தட்டுப்படுகிறதோ, அந்த இடங்களில்தான் பிறகு தகராறு வரும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் மெல்லிய பேப்பரில் திட்டுத்திட்டாக வெளிச்சம் தெரியும்.

சுற்ற வரவில்லை என்று ஆயத்தக் கூம்பு (ஏற்கெனவே சுருட்டி விற்கும் காலிப் பேப்பர்) வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அவர்கள் முழுவதையும் கொட்டிவிட்டுக் குச்சியால் மேலிருந்து குத்துகிறார்கள். மேலே கல்லாகவும் கீழே பஞ்சாகவும் ஆகிவிடுகிறது. கொஞ்சம் போட்டு, கூம்பை மேசையில் தட்டி, மறுபடி கொஞ்சம் போட்டு நிரப்புவதுதான் முறை.

இப்போது உங்கள் இரண்டாவது தடயம். ஒட்டு இருக்கும் பக்கத்தில் பேப்பர் இரட்டை அடுக்கு. நடுவே வேல மரப் பிசின் போன்ற ஒரு பசையும் இருக்கிறது. அந்தப் பக்கம் மெதுவாகத்தான் எரியும். பேப்பர் உங்கள் தூளுக்குப் பெரிதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டு இன்னும் மோசமாகும். அரை கிராம் அளவுக்குக் 'கிங் சைஸ்' பேப்பர் வேண்டாம், சிறியதே போதும். எச்சிலைக் குழைத்து ஒட்டுவதும் கெடுதல். நுனி நாக்கால் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் போதும், ஒட்டியபின் ஓரிரு நிமிடம் காயவிடுங்கள். பேப்பரைத் திருப்பிப் போட்டுச் சுற்றி, மிச்ச அடுக்கைக் கிழித்துவிடுகிற ஒரு முறையும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் உருட்டுவது சரியாக வரும்வரை அந்த வித்தையெல்லாம் வேண்டாம். லைட்டரை மாற்றியதற்கு என்னிடம் பாராட்டு இல்லை.

ஈரம் பற்றி ஒரு வார்த்தை. மொட்டின் சின்னக் காம்பை வளைத்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் அதிகம், அணைந்து அணைந்து எரியும். விரலில் தேய்த்தாலே பொடியானால் காய்ந்துவிட்டது. காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் 58 முதல் 62 சதவீத ஈரப்பதம் வைத்திருக்கும் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டு வையுங்கள். காய்ந்ததை மீட்கிறேன் என்று ஆரஞ்சுத் தோலை ஜாடிக்குள் போடுகிறவர்கள் பூஞ்சையை வளர்க்கிறார்கள்.

பற்றவைக்கும்போது நுனியில் முறுக்கிய பேப்பரை முதலில் எரியவிடுங்கள், அதுவரை இழுக்க வேண்டாம். பிறகு சுடரை நுனியில் நேரடியாகத் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஜாயிண்ட்டை விரலில் சுழற்றிக்கொண்டே வாட்டுங்கள். வட்டம் முழுக்கச் சிவந்தபின்தான் முதல் இழுப்பு. அதுவும் மெதுவாக. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் அரை நிமிடமாவது விட்டால், பின்தங்கிய பக்கம் தானாக எட்டிப் பிடிக்க வாய்ப்பு கிடைக்கிறது. மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் இந்தப் பாடம் எதுவும் செல்லாது.

ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டதா? இழுப்பதை நிறுத்துங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து, ஓடுகிற பக்கத்தில், எரியும் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் ஒரு மெல்லிய கோடாகத் தடவுங்கள். நனைந்த பேப்பர் காய்ந்த பிறகுதான் எரியும், அந்த அவகாசத்தில் மறுபக்கம் வந்து சேரும். எச்சிலும் அதே வேலையைச் செய்யும், ஆனால் நாலு பேர் கைமாற்றிக் குடிப்பதில் அது வேண்டாமே. பின்தங்கிய பக்கத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் இன்னும் நல்லது: சூடான காற்று மேலே போக, புதுக் காற்று கீழிருந்துதான் வருகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிட்டால் வைத்தியம் பார்க்காதீர்கள். அணைத்து, நேராகக் கத்தரித்து, புதிதாகப் பற்றவையுங்கள்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். சீராக எரிவதால் புகை சாதுவாகிவிடாது. எரிகிற எந்த இலையும் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் தரும், புகையிலை கலந்தால் நிகோட்டின் பழக்கமும் கூடவே வரும். கஞ்சா புகைத்துவிட்டு வண்டி எடுக்கவும் கூடாது.

கடைசியாக வெள்ளைச் சாம்பல். முழுதாக எரிந்தால் மிஞ்சுவது தாது உப்புகள், அவை வெளிறியிருக்கும். அரைகுறையாக எரிந்தால் கரி மிஞ்சும், அது கறுப்பு. ஈரம், இறுக்கம், இழுக்கிற வேகம் என்று எல்லாமே அந்த நிறத்தில் கைவைக்கின்றன, சரக்கின் தரத்தை அதிலிருந்து படிக்க முடியாது. சந்தேகமிருந்தால் உங்கள் தோணியையே உற்றுப் பாருங்கள்: ஓடின பக்கத்துச் சாம்பல் வெளுத்திருக்கும், நின்ற பக்கம் கறுத்திருக்கும். இரண்டும் ஒரே மொட்டிலிருந்து வந்தவைதான்.