குளவி, கடலை, மோர்க் கிருமி

நான் டாக்டர் இல்லை. குன்னூரில் 28 வருடம் தடுப்பூசிக்காகக் கிருமி வளர்த்து ஓய்வு பெற்றவள். மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொடுத்துக் கடுமையான அலர்ஜியைத் தீர்க்கலாமாமே, உண்மையா என்று மலையில் பல பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குன்னூர், பள்ளி ஆசிரியை: கிருமியால் நோய் வரும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். கிருமியே மருந்தாவது எப்படி?

டீச்சர், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே, தடுப்பூசி செய்கிற பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. முத்தடுப்பூசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி என்பது கொன்று போட்ட கக்குவான் பாக்டீரியாதான். கிருமி மருந்தாவது நம் ஊருக்குப் பழைய கதை. மரபணு மாற்றமும் புதிதில்லை. மனித இன்சுலின் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவில் வைத்து எடுத்த இன்சுலின் 1982-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

புதிது என்னவென்றால், இதுவரை பாக்டீரியா தொட்டியில் சமைக்கும், நாம் வடிகட்டிச் சுத்தம் செய்து பார்சல் கட்டுவோம். இப்போது சமையல்காரரையே வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். குடலுக்குள் போய் அங்கேயே மருந்து சுரக்க வேண்டும்.

ஊட்டி, ஒரு தாய்: மகனுக்கு 6 வயது, வேர்க்கடலை ஆகாது. ஒருமுறை மூச்சே நின்றுவிடும் போலாயிற்று. என் கணவர் ஹோம்மேட் சாக்லேட் செய்கிறவர். இந்தச் சிகிச்சை எப்போது வரும்?

அம்மா, முதலில் ஏமாற்றமான பதில்: கடலை அலர்ஜிக்கு மரபணு மாற்றிய பாக்டீரியா மருந்து எதுவும் இன்று கடையில் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் போய்ப் பார்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பையனின் உடம்பு கடலைப் புரதத்தை எதிரி என்று தப்பாகக் குறித்து, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. அது மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புப் படை செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கடலை வந்ததும் செல் வெடித்தது மாதிரி, அரிப்பும் வீக்கமும் கிளப்புகிற ஹிஸ்டமினைக் கொட்டும். சரி, கடலைப் புரதத்தில் ஐ.ஜி.ஈ. பிடித்துக்கொள்கிற இடங்களை மட்டும் மாற்றிவிட்டால்? அப்படி மாற்றிய மூன்று புரதங்களை ஈ.கோலிக்குள் செய்ய வைத்து, பிறகு பாக்டீரியாவைக் கொன்றார்கள். செத்த பாக்டீரியாவின் கூடே அந்தப் புரதங்களுக்கு உறை. அதை ஆசனவாய் வழியாகக் கொடுத்தார்கள். எலிகளிடம் நன்றாகவே வேலை செய்தது.

அப்புறம் மனிதர்களிடம் போனார்கள். 2013-ல் வெளியான அந்தச் சோதனையில் கடலை அலர்ஜி உள்ள பெரியவர்கள் 10 பேர். அவர்களில் 5 பேருக்கு ஒவ்வாமை கிளம்பி நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஐந்தில் 2 பேருக்கு அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. எவ்வளவு மாற்றியும் ஐ.ஜி.ஈ. ஆளை அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 'எலிக்குக் குணமானது' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்துப் பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இன்னொரு வழி, கடலையைத் தொடாமல் குடலை அமைதிப்படுத்துவது. மோர், சீஸ் புளிக்க வைக்கிற லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை இன்டர்லூகின்-10 சுரக்கும்படி மாற்றினார்கள். நோய் எதிர்ப்புப் படையிடம் 'போதும், விடு' என்று சொல்கிற புரதம் அது. பால் அலர்ஜி எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது தாக்குதல் தணிந்தது. எனக்கு நம்பிக்கை இந்தப் பக்கம்தான், ஆனால் அலர்ஜியைப் பொறுத்தவரை இதுவும் எலியோடுதான் நிற்கிறது.

இன்றைக்கு இருப்பவை: கடலைப் பொடியைத் துளித்துளியாகக் கூட்டிப் பழக்குவது, இதற்கான பொடி மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓமலிசுமாப் என்ற ஊசியை 2024 பிப்ரவரியில் அங்கே உணவு அலர்ஜிக்கும் அனுமதித்தார்கள். அது ஐ.ஜி.ஈ.யையே பிடித்துக் கட்டிவிடும். தெரியாமல் கொஞ்சம் வாயில் பட்டால் உயிர் தப்பத்தான் அது. கடலை மிட்டாய் தின்பதற்கு இல்லை. (வேடிக்கை, அதைச் சுரப்பது பாக்டீரியா இல்லை, வெள்ளெலியின் செல்கள்.) இரண்டையும் அலர்ஜி நிபுணர் கையில்தான் எடுக்க வேண்டும், வீட்டில் பரீட்சை வேண்டாம். உங்கள் கணவர் கடலை போடுகிற தட்டு, அச்சு, கரண்டி எல்லாவற்றையும் தனியாக வைக்கட்டும். வேலைச் சட்டையைக் கடையிலேயே கழற்றிவிட்டு வந்து பையனைத் தூக்கட்டும்.

கட்டபெட்டு, கேரட் விவசாயி: மாற்றிய கிருமி மலத்தோடு வெளியே வந்து ஓடையில் கலந்தால் யார் பொறுப்பு? யூக்கலிப்டஸையும் சீகை (வாட்டில்) மரத்தையும் கொண்டுவந்தபோதும் ஆபத்தில்லை என்றுதான் சொன்னார்கள்.

அண்ணா, இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சீகை நம் சோலைக் காட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும். பெல்ஜியத்தில் அந்த லாக்டோகாக்கஸைச் செய்தவர்களும் இதை யோசித்தார்கள். பாக்டீரியாவுக்குத் தைமிடின் என்ற பொருள் இல்லாமல் டி.என்.ஏ. கட்ட முடியாது. அதைத் தானே செய்துகொள்ள ஒரு மரபணு வைத்திருக்கும். அந்த மரபணுவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் இன்டர்லூகின் மரபணுவை நட்டார்கள். தைமிடின் கிடைக்காத இடத்தில் அது செத்துவிடும். தொலைந்த மரபணுவை வேறு பாக்டீரியாவிடமிருந்து எப்படியாவது திரும்ப வாங்கினால், அந்த இடத்தில் இருக்கிற இன்டர்லூகின் போய்விடும். பழையபடி வெறும் மோர்க் கிருமி. இதை நம்பி 2006-ல் ஆம்ஸ்டர்டாமில் குரோன் என்ற குடல் நோய் உள்ள 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பில் பெரிய சிக்கல் வரவில்லை.

நூற்றுக்கு நூறு உறுதியா என்றால், சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் மூடிய குப்பியிலிருந்தே தப்பித்த பூஞ்சையைத் துரத்தியிருக்கிறேன். இந்தியாவில் இப்படிப்பட்ட உயிரிகளுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். உங்கள் கேள்வியை அனுமதி தருகிறவர்களிடமும் கேளுங்கள்.

கோத்தகிரி, ஓய்வு பெற்ற தாத்தா: அந்தக் கிருமி மோரில்தான் இருக்கிறதென்றால், எருமை மோர் குடித்தால் போதாதா?

போதாது தாத்தா. நம் மோரில் இருப்பது மாற்றாத கிருமி, அதற்கு மனித இன்டர்லூகின் செய்யத் தெரியாது. மோர் ருசிக்குக் குடியுங்கள்.

கூடலூர், தோட்டத் தொழிலாளி: போன மாதம் குளவி கொட்டி என்கூட வேலை செய்கிற அக்கா மயங்கிவிட்டார். எங்களுக்கும் இந்தப் பாக்டீரியா மருந்து உதவுமா?

தம்பி, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் சித்தியையும் இப்படித்தான். கொழுந்து பறிக்கும்போது செடிக்கு அடியில் இருந்த கூட்டில் கை பட்டுவிட்டது. சுண்ணாம்பு தடவி உட்கார வைத்தார்கள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, குரல் கம்மி, தலை தொங்கிவிட்டது. தூக்கி நிறுத்தி நடத்திக் கூட்டிப் போக முயன்றார்கள். அது தப்பு என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரத்த அழுத்தம் விழுந்தவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும்; நிறுத்தினால் இதயத்துக்கு ரத்தம் வராது. ஜீப் வந்தது, சித்தி பிழைத்தார்.

குளவி விஷத்துக்குப் பாக்டீரியா வைத்தியத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி வருடக்கணக்கில் ஊசி போட்டுப் பழக்குகிற சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. அந்த அக்காவை ஒரு அலர்ஜி நிபுணரிடம் அனுப்புங்கள். கொட்டி மயங்குகிற அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. அதைத் தொடையின் வெளிப்பக்கச் சதையில், உடனே போட வேண்டும். அவில் அரிப்பை அடக்கும், விழுந்த அழுத்தத்தைத் தூக்காது. அவில் போட்டாயிற்று என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், தெளிந்த பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது முறை திரும்ப வருவதுண்டு.

மஞ்சூர், கல்லூரி மாணவி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நுண்ணுயிரியல் படி, கூடவே நோய் எதிர்ப்பியலை விடாதே. கிருமியை மாற்றத் தெரிந்தவர்கள் நிறைய. கடலைச் சோதனையில் அந்த 5 பேருக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

ஊட்டி, அதே தாய் மறுபடியும்: டாக்டர் அட்ரினலின் ஆம்பூல் எழுதிக் கொடுத்து, போடவும் சொல்லித் தந்திருக்கிறார். ஃப்ரிட்ஜில் வைக்கவா?

வேண்டாம் அம்மா. 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருந்தால் போதும். ஊட்டியில் உங்கள் அலமாரியே அப்படித்தான் இருக்கும். சிக்கல் மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான். காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பழுப்பாகியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.