சுயதொழில் வருமான வரி: கேட்டவையும் பதில்களும்

இந்தியாவில் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் ரிட்டர்ன் போடும் நேரத்தில் வழக்கமாகக் கேட்பவை இவை. கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலில் இருப்பதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும். இங்கே சொல்பவை பழைய எண்கள்.

கேள்வி: சில கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். எல்லோரும் 10% பிடித்துக்கொண்டுதான் பணம் போடுகிறார்கள். வரிதான் கட்டியாச்சே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்?

அவர்கள் பிடித்தது உங்கள் வரிக்கான முன்பணம் மட்டுமே. உண்மையான வரி அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம். உங்கள் விஷயத்தில் குறைய வாய்ப்பு அதிகம். ஆண்டு வரவு 30 லட்சம், அதில் 3 லட்சம் டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) போனது என்று வைத்துக்கொள்வோம். சில தொழில்காரர்கள் செலவுக் கணக்கு எழுதாமல் வரவில் பாதியை லாபமாகக் காட்ட அனுமதிப்பது 44ஏடிஏ பிரிவு. அதில் பாதியை, அதாவது 15 லட்சத்தை வருமானமாகக் காட்டினால், புதிய வரிமுறையில் (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து வரி 1,09,200 ரூபாய்தான். மீதி 1,90,800 உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம். ரிட்டர்ன் போடாவிட்டால் அது வராது.

ஒரு விஷயம்: வங்கிக்கு வந்த 27 லட்சத்தை வரவாகக் காட்டாதீர்கள். பிடித்தம் போகும் முன் இருந்த 30 லட்சம்தான் வரவு. நோட்டீஸ் வாங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். நானும் பாதியை லாபமாகக் காட்டலாமா?

44ஏடிஏ எல்லாத் தொழிலுக்கும் இல்லை. வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரம் செய்பவர், திரைக் கலைஞர், தகவல் தொழில்நுட்பத்தில் இருப்பவர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதில் இல்லை. நீங்கள் வரவு செலவு எழுதி உண்மையான லாபத்தைக் காட்டுவதுதான் பத்திரம்.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் வரம்பு உண்டு. ஆண்டு வரவு 50 லட்சம் வரை. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. பாதியைக் காட்டிவிட்டு, அதன்மேல் லேப்டாப், இணையம், வாடகை என்று மறுபடியும் கழிக்க முடியாது. மீதிப் பாதிக்குள் எல்லாமே அடக்கம். நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்துத் தொழில் நடத்துபவருக்கு லாபம் 30 சதவீதம்தான் நிற்கும் என்றால் இந்த வழி நஷ்டம். ஆனால் பாதிக்குக் குறைவாகக் காட்டினால், மொத்த வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டும்போது கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஆடிட்டர் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்துவிட்டார். ஆனால் 26ஏஎஸ்-ல் (என் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் வருமான வரித் துறை அறிக்கையில்) அந்தத் தொகையே இல்லை. கேட்டால் "போட்டுவிடுகிறோம் சார்" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது, எரிச்சலான விஷயமும்கூட. இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பிடித்த பணத்தை அவர்கள் அரசுக்குக் கட்டவில்லை. அல்லது கட்டிவிட்டு, காலாண்டு அறிக்கையில் உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். எண் தப்பு என்றால் திருத்த அறிக்கை போட்டால் சரியாகிவிடும். அதனால் முதலில் உங்கள் பான் எண், பில் தேதி, பிடித்த தொகை மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது.

கட்டவே இல்லை என்றால்? பிடித்த வரியை மறுபடி உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கணினி அதைப் பார்த்துக்கொண்டிருக்காது. 26ஏஎஸ்-ல் இல்லாததை ரிட்டர்னில் கேட்டால் வரிபாக்கி என்று நோட்டீஸ் வரும். அப்போது முழுத் தொகைக்கான பில்லும், குறைத்து வந்த தொகையைக் காட்டும் வங்கி அறிக்கையும்தான் கைகொடுக்கும். மார்ச் முடியும் வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் டாக்ஸ் எனக்கும் உண்டா? வயது 63.

அட்வான்ஸ் டாக்ஸ் என்பது ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி. டிடிஎஸ் போக நீங்கள் கட்டவேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் உண்டு. 60 வயதானவர்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டும். ஜூன் 15க்குள் 15%, செப்டம்பர் 15க்குள் 45%, டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் முழுதும் கட்டியிருக்க வேண்டும். 44ஏடிஏ-யில் காட்டுபவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். தவறினால் மாதம் 1% வட்டி.

கேள்வி: மனைவிக்குச் சம்பளம் கொடுப்பதாகக் காட்டி வரியைக் குறைக்கலாமா?

44ஏடிஏ-யில் காட்டினால் சம்பளச் செலவையே கழிக்க முடியாது, ஆக அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நீங்கள் வரவு செலவுக் கணக்கு எழுதுபவராக இருந்தாலும், மனைவியிடம் அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அதைக்கொண்டு சம்பாதித்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

கேள்வி: பழைய வரிமுறை, புதிய வரிமுறை: வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாமா?

சம்பளக்காரர்கள் மாற்றலாம், உங்களால் முடியாது. தொழில் வருமானம் இருப்பவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழையதற்குப் போனால், புதியதற்கு ஒருமுறை திரும்பலாம். அதன்பின் தொழில் வருமானம் இருக்கும்வரை பழையதற்கு வழியில்லை. தொழில் செலவுகள் இரண்டு முறையிலும் கழியும். புதிய முறையில் கழியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளிநாட்டில். வரி இல்லைதானே?

ஜிஎஸ்டி-யையும் வருமான வரியையும் குழப்பிக்கொள்கிறீர்கள். நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் வருமான வரி உண்டு. ஜிஎஸ்டி வேறு கதை. சேவைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும், ஏற்றுமதி வரவும் அந்தக் கணக்கில் சேரும். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் எல்யூடி (ஜிஎஸ்டி துறைக்குத் தரும் உறுதிக் கடிதம்) கொடுத்துவிட்டால், ஏற்றுமதி பில்லில் வரி போடாமலே அனுப்பலாம்.

கேள்வி: செலவை ரொக்கமாகக் கொடுத்தால் கழிக்க முடியாதா?

ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு பொதுவாகக் கழியாது. அதற்குள் என்றால் ரசீது இருந்தால் போதும்.